செடிக்குள் வாழும் பாக்டீரியாவில் சர்க்கரை நோய் மருந்தைத் தேடுவது எப்படி?

உணவின் முதல் கவளத்தோடு விழுங்கச் சொல்லி மருத்துவர் எழுதித் தரும் அகார்போஸ் மாத்திரை ஒரு பாக்டீரியாவின் கொடை. கென்யாவில், நைரோபிக்கு அருகே ஒரு காப்பித் தோட்டத்து மண்ணில் 1970ல் கிடைத்த ஆக்டினோபிளேன்ஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஜெர்மனியின் பேயர் நிறுவனம் உருவாக்கிய மருந்து அது. 1990ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. அந்த பாக்டீரியாவின் வழிவந்த வகைகளைப் பெரிய தொட்டிகளில் வளர்த்துத்தான் இன்றும் மருந்தை எடுக்கிறார்கள். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி தென்படும் வோக்லிபோஸுக்கும் இதே போன்ற பிறப்புதான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா தரும் வேலியோலமைன் என்ற பொருளை மூலமாக வைத்து ஜப்பானின் டகேடா நிறுவனம் அதை உருவாக்கியது.

மண்ணில் இவ்வளவு கிடைத்தது என்றால், அதே பாக்டீரியாக் குடும்பங்களின் உறவினர்கள் வாழும் இன்னொரு இடத்தையும் தேடிப் பார்ப்பது நியாயம். அந்த இடம் தாவரத்தின் உள்பகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. சோறும் இட்லியுமாக மாவுச்சத்தை அதிகம் உண்ணும் நமக்கு, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும் பொருள்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

குடலில் என்ன நடக்கிறது?

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. உமிழ்நீரிலும் கணைய நீரிலும் உள்ள ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி அதைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. சிறுகுடல் சுவரில் ஒட்டியிருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதிகள் அந்தத் துண்டுகளைத் தனித்தனி குளுக்கோஸாக உடைக்கின்றன. குடல் சுவர் உறிஞ்சுவது இந்தத் தனிக் குளுக்கோஸைத்தான். ஆகவே இந்த இரண்டு நொதிகளின் வேகத்தைக் குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாக ரத்தத்தில் பாயாமல் மெல்ல மெல்ல இறங்கும்.

அகார்போஸ் மாவுச்சத்துத் துண்டு ஒன்றின் தோற்றத்தில் இருக்கிறது. ஆனால் நொதி வெட்ட வேண்டிய இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் இருப்பதால் நொதியால் அதை வெட்ட முடிவதில்லை, பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறது. முசுக்கொட்டையில் (மல்பெரி) உள்ள டி.என்.ஜே. என்ற பொருளும் அப்படியே: குளுக்கோஸ் வளையத்தின் ஆக்சிஜன் இருக்குமிடத்தில் நைட்ரஜன். இன்று மருந்தாக இருக்கும் மிக்லிட்டால் இந்த டி.என்.ஜே.யைச் சற்று மாற்றிச் செய்ததுதான்.

செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைக்கும். வயிற்று உப்புசமும் வாயுவும் இந்த மருந்துகளோடு ஒட்டிப் பிறந்த தொல்லைகளாக இருப்பது அதனால்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் அமைலேஸை முழுக்க அடக்கும் பொருளைக் கண்டு மகிழ்வதைவிட, அமைலேஸை மிதமாகவும் குளுக்கோசிடேஸை வலுவாகவும் தடுக்கும் பொருளைத் தேடுவதே நல்லது என்று இத்துறையினர் சொல்வதும் இதை வைத்தே.

செடிக்குள் யார் குடியிருக்கிறார்கள்?

நோய் உண்டாக்காமல் தாவரத் திசுக்களுக்குள் வாழும் நுண்ணுயிர்களை எண்டோஃபைட் என்பார்கள். தமிழில் அகவாழ் நுண்ணுயிர் எனலாம். பக்கவேர் முளைக்கும்போது ஏற்படும் விரிசல், இலைத்துளை, காயம், விதை ஆகியவற்றின் வழியே உள்ளே நுழைகின்றன. வேரில் மிகுதியாகவும் தண்டிலும் இலையிலும் குறைவாகவும் இருக்கும். பேசில்லஸ், சூடோமோனாஸ், பான்டோயா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆகியவை அடிக்கடி கிடைப்பவை. இவற்றில் மருந்து தேடுவோர் முதலில் கண் வைப்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் அடங்கிய ஆக்டினோபாக்டீரியாக்களின் மேல்.

இந்தத் தேடலுக்கு இன்னொரு பலமான காரணமும் உண்டு. இலங்கையில் கொத்தல ஹிம்புட்டு என்றும் சித்த மருத்துவத்தில் கடலழிஞ்சில் என்றும் பெயர்பெற்ற சலேசியா கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சலாசினால் என்ற வலுவான குளுக்கோசிடேஸ் தடுப்பான் இருப்பதை 1997ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால் மருந்துக்கு வேண்டியது வேரும் தண்டும். மெதுவாக வளரும் காட்டுக்கொடியை வேரோடு எடுத்தால் கொடி போய்விடும். பாக்டீரியா அப்படி அல்ல. ஒரு சிறு துண்டுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வகையைத் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்க்கலாம். காட்டுக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை.

அதற்காக, செடியில் உள்ள மருந்தையே உள்ளிருக்கும் நுண்ணுயிரும் தயாரிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பசிபிக் யூ மரத்தின் உள்வாழ் பூஞ்சை ஒன்று டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிப்பதாக 1993ல் வந்த செய்தி உலகையே கிளர்ச்சியடைய வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து மரபணு அளவில் ஆராய்ந்தவர்களுக்கு, அப்படிப்பட்ட பூஞ்சைகள் தாமாகவே டாக்ஸால் செய்வதற்கான சான்று கிடைக்கவில்லை. அகவாழ் நுண்ணுயிரைத் தேடிப் போவது அதற்கே உரிய வேதிப்பொருள்களுக்காக என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அப்படித் தேடியதற்குப் பலன் இல்லாமலும் இல்லை. காங்கோவில் கின்ஷாசா அருகே எடுத்த ஒரு செடியின் உள்வாழ் பூஞ்சையில், வாய்வழி கொடுத்தாலே எலிகளில் இன்சுலினைப் போல் வேலை செய்யும் ஒரு பொருளை மெர்க் நிறுவன ஆய்வாளர்கள் 1999ல் கண்டனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரிழிவு மூலிகைகளுக்குள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகைகள் ஆல்ஃபா அமைலேஸைத் தடுப்பதை மைசூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் வெளியிட்டனர். வேரை ஒட்டி வாழ்வதும் உயிர் உரமாக விற்கப்படுவதுமான எஃப்.இசட்.பி.42 என்ற பேசில்லஸில், டி.என்.ஜே. போன்ற பொருள்களைச் செய்வதற்கான மூன்று மரபணுக்களின் தொகுப்பு இருப்பதும் தெரிந்திருக்கிறது.

திசுவிலிருந்து தட்டுக்கு

நோயற்ற செடியின் வேர், தண்டு, இலையைத் தனித்தனிப் பைகளில் இட்டு ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குவது நல்லது. அதே செடியின் ஒரு கிளையை உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகம்) ஒப்படைத்துவிடுங்கள். செடியின் பெயர் தவறென்று பிறகு தெரிந்தால் மொத்த வேலையும் பயனற்றுப் போகும். காட்டில் எடுப்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். காப்புரிமைக்குப் போவதானால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளையும் முடிக்க வேண்டும்.

அடுத்தது மேற்பரப்பைக் கிருமியற்றதாக்குவது. முழு ஆய்வின் நம்பகத்தன்மையும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஓடும் குழாய்நீரில் 10 நிமிடம் மண்ணைக் கழுவியபின், 70% எத்தனாலில் 1 நிமிடம், 2 முதல் 4% குளோரின் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 3 முதல் 5 நிமிடம், மீண்டும் எத்தனாலில் 30 விநாடி, பிறகு கிருமியற்ற நீரில் ஐந்து முறை அலசல். மென்மையான இலைக்குக் குறைந்த நேரம், தடித்த வேருக்குக் கூடிய நேரம். நேரம் மிஞ்சினால் குளோரின் உள்ளே ஊறி, நாம் தேடும் பாக்டீரியாவையே கொன்றுவிடும். குறைந்தால் மேல்தோலில் ஒட்டியிருந்த மண் பாக்டீரியாவை அகவாழ் பாக்டீரியா என்று பெயர் சூட்டி வளர்த்துக்கொண்டிருப்போம்.

இதைச் சரிபார்க்க இரண்டு சோதனைகள். கடைசியாக அலசிய நீரில் 100 மைக்ரோலிட்டரை, பாக்டீரியா வளர்க்கும் அகார் என்ற ஊட்டக்கூழ் உள்ள தட்டில் பரப்ப வேண்டும். திசுவை அகாரின் மேல் சில நிமிடம் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டிலும் எதுவும் முளைக்காவிட்டால்தான் அந்தத் தொகுதியைத் தொடரலாம். அலசல் நீரை மட்டும் சோதிப்பவர்கள் பலர். திசுவின் மடிப்பில் பற்றியிருக்கும் செல் நீரோடு வராது என்பதால் ஒற்றுச் சோதனையையும் விடக் கூடாது.

பிறகு இரு முனைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, 1 கிராம் திசுவை 9 மி.லி. கிருமியற்ற உப்புக் கரைசலில் அரைத்து, பத்து பத்து மடங்காக நீர்த்து, தட்டுகளில் பரப்ப வேண்டும். சத்து மிகுந்த ஊடகத்தில் (பாக்டீரியாவுக்கான உணவுக் கலவை) வேகமாக வளர்வன மெதுவானவற்றை மூடிவிடும். ஆகவே பொது பாக்டீரியாவுக்குப் பத்தில் ஒரு பங்கு வலுவுள்ள டிரிப்டிக் சோய் அகாரும், ஆக்டினோபாக்டீரியாவுக்கு ஸ்டார்ச் கேசீன் அகாரும் வையுங்கள். பூஞ்சையைத் தடுக்க நிஸ்டாட்டின் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம். வேகமாகப் பரவும் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவை அடக்க நாலிடிக்சிக் அமிலம் 20 மைக்ரோகிராம். வெப்பநிலை 28 டிகிரி.

பேசில்லஸ் இரண்டாம் நாளே தெரியும். ஆக்டினோபாக்டீரியா தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஒரு வாரத்தில் தட்டைக் குப்பையில் போடுபவர் கையில் பேசில்லஸ் மட்டுமே மிஞ்சும். அத்தனை நாள் தட்டு காயாமல் இருக்க பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தைச் சுற்றி, ஈரப்பதமுள்ள பெட்டியில் வைக்க வேண்டும்.

தனியாக்கிய ஒவ்வொரு வகையையும் உடனே 20% கிளிசராலில் இட்டு மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் பல வகைகள் பொருள் தயாரிப்பதை நிறுத்திவிடுகின்றன. செடியின் வேதிச் சைகைகள் இல்லாத இடத்தில் அந்த மரபணுக்கள் அடங்கிப் போவது ஒரு காரணம். அடையாளம் காண, பாக்டீரியாவின் இனத்தைக் காட்டும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை முழுமையாக, சுமார் 1,500 எழுத்துகள் நீளத்துக்குப் படிக்க வேண்டும். அறிந்த இனத்தோடு ஒப்புமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதிய இனமாக இருக்க வாய்ப்பு உண்டு. பெயர் தெரியும்வரை எதையும் தீங்கற்றது என எண்ண வேண்டாம். செடிக்குள் வாழும் பர்க்ஹோல்டேரியா, கிளெப்சியெல்லா வகைகளில் மனிதருக்கு நோய் தருபவையும் உண்டு.

மருந்து எந்த நீரில் இருக்கிறது?

வளர்ப்புக்கு 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. ஊடகம் போதும். நிமிடத்துக்கு 150 முதல் 180 சுற்று, 28 டிகிரி; பேசில்லஸுக்கு 2–3 நாள், ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு 7–10 நாள். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி செல்களை நீக்கினால் தெளிந்த வளர்ப்பு நீர் கிடைக்கும்.

பெரும்பாலோர் இங்கே எத்தில் அசிட்டேட் ஊற்றி, மேலே மிதக்கும் அடுக்கை எடுத்துக்கொண்டு, கீழே நிற்கும் நீரைக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிடுகிறார்கள். அகார்போஸும் டி.என்.ஜே.யும் சர்க்கரை போலவே நீரை விரும்புபவை. எத்தில் அசிட்டேட்டுக்குள் போகவே போகாது. நாம் தேடுவது அந்தக் குடும்பத்துப் பொருள் என்றால் தூக்கி எறிந்த நீரில்தான் அது இருந்தது. ஆகவே இரண்டு அடுக்குகளையும் சோதிக்க வேண்டும். நீரடுக்கை வலு அமில வகைக் கேட்டயன் பரிமாற்றப் பிசின் வழியே செலுத்தினால் நைட்ரஜன் உள்ள இந்தச் சர்க்கரைப் போலிகள் பிசினில் ஒட்டிக்கொள்ளும். சாதாரணச் சர்க்கரை கழுவிப் போய்விடும். பிறகு 0.5 முதல் 1 மோலார் அம்மோனியாக் கரைசலால் இவற்றை மட்டும் இறக்கலாம். டி.என்.ஜே. புற ஊதா ஒளியை உறிஞ்சாது என்பதால் கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியின் வழக்கமான வரைபடத்தில் ஒரு சிகரமும் தெரியாது. ஒளியை உறிஞ்சும் எஃப்மாக் குளோரைடு சேர்த்து வினைப்படுத்தியோ, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலோ பார்க்க வேண்டும்.

மஞ்சள் நிறம் சொல்வதும் சொல்லாததும்

குளுக்கோசிடேஸ் சோதனை எளிது. பி.என்.பி.ஜி. என்ற நிறமற்ற பொருளை நொதி உடைத்தால் மஞ்சள் நிற நைட்ரோஃபீனால் வரும். தடுப்பான் இருந்தால் மஞ்சள் குறையும். 96 குழித் தட்டின் ஒரு குழியில், பி.எச். 6.8 உள்ள 100 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் 50 மைக்ரோலிட்டர், மாதிரி 20, நொதி 20 இட்டு 37 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். 5 மில்லிமோலார் பி.என்.பி.ஜி. 20 மைக்ரோலிட்டர் சேர்த்து 20 நிமிடம் கழித்து, 0.2 மோலார் சோடியம் கார்பனேட் 50 மைக்ரோலிட்டரால் வினையை நிறுத்தி 405 நானோமீட்டரில் அளக்க வேண்டும். டிரிஸ் பஃபர் பக்கம் போகாதீர்கள்; டிரிஸ் தானே குளுக்கோசிடேஸைத் தடுக்கும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். தடுப்பான் இல்லாத குழியின் அளவு 0.80, மாதிரி சேர்த்த குழி 0.32, மாதிரி மட்டும் இருந்து நொதி இல்லாத குழி 0.12. மாதிரியின் சொந்த நிறத்தைக் கழித்தால் 0.20. ஆகவே தடுப்பு 75 விழுக்காடு. நொதியற்ற குழியை வைக்காதவர் 60 என்று எழுதியிருப்பார். நிறம் மிகுந்த சாற்றில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.

பொய்யான நம்பிக்கை தருபவை இன்னும் பல. பேசில்லஸ் வளர்ப்பு நீரில் புரோட்டியேஸ் என்ற புரதம் உடைக்கும் நொதி நிறைய இருக்கும். அது சோதனை நொதியையே தின்றுவிட, நாம் தடுப்பான் கிடைத்ததாக எண்ணிக்கொள்வோம். நீரைக் கொதிநிலையில் 10 நிமிடம் வைத்தோ, சிறு மூலக்கூறுகளை மட்டும் விடும் 3 கிலோடால்டன் வடிகட்டியில் வடித்தோ சோதித்தால் உண்மை தெரியும். அமைலேஸ் சோதனையில் நேர்மாறான தொல்லை: பாக்டீரியா சுரந்த அமைலேஸும் ஊடகத்தில் எஞ்சிய சர்க்கரையும் சேர்ந்து, சர்க்கரையைக் காட்டும் டி.என்.எஸ். கரைசலின் நிறத்தைக் கூட்டும். அதனால் நல்ல தடுப்பான் இருந்தும் இல்லாதது போலத் தோன்றும். சர்ஃபாக்டின் போன்ற சோப்புத்தன்மை உள்ள பொருள்கள் நொதியைக் குலைத்துவிடுவதும் உண்டு. 0.01% டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சலவைப்பொருளைச் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் மூலக்கூறுகள் கட்டிபட்டு நொதியை முடக்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நுட்பமான பொறி சோயா ஊடகம். சோயா மாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் ஆகியவை சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசிஸ் அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிட்டதும் ஜெனிஸ்டீன் வெளிப்பட்டு ஈஸ்ட் குளுக்கோசிடேஸைத் தடுக்கிறது. பாக்டீரியா சேர்க்காத வெறும் ஊடகத்தை ஒப்பீடாக வைத்தாலும் இது பிடிபடாது. ஏனென்றால் அங்கே சர்க்கரை கழன்றிருக்காது. சோயா இல்லாத ஊடகத்தில் மறுபடி வளர்த்துப் பார்ப்பதுதான் வழி.

ஒப்பீட்டு மருந்தான அகார்போஸும் ஏமாற்றும். மலிவாகக் கிடைக்கும் ஈஸ்ட் குளுக்கோசிடேஸை அகார்போஸ் மிகப் பலவீனமாகத்தான் தடுக்கும். பாலூட்டிகளின் குடல் நொதியைத்தான் அது வலுவாகத் தடுக்கிறது. எனவே ஈஸ்ட் நொதியை மட்டும் வைத்து "அகார்போஸைவிடப் பல மடங்கு சிறந்தது" என்று வரும் கட்டுரையை நம்ப வேண்டாம். எலிக்குடலை அசிட்டோனால் உலர்த்திய தூள் 100 மி.கி.யை 3 மி.லி. 0.9% உப்புக் கரைசலில் கரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த நொதியோடு, மால்டோஸைக் கொடுத்து, வெளிவரும் குளுக்கோஸை அளந்த முடிவே பேசத் தகுந்தது.

இத்தனையும் தாண்டிய வகைக்கு ஐ.சி.50 அளவு, அதாவது நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு, குறைந்தது மூன்று தனித்தனி வளர்ப்புகளில் கணக்கிட வேண்டும். பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தரவை அறிந்த பொருள்களின் பட்டியலோடு ஒப்பிட்டால், பல மாதம் செலவழித்துப் பழைய பொருளையே மீண்டும் கண்டுபிடிக்கும் வீண் உழைப்பு மிச்சமாகும். மரபணுத் தொகுதியைப் படித்து ஆன்டிஸ்மாஷ் மென்பொருளில் இட்டால், எந்தெந்தப் பொருளுக்கான மரபணுக் கூட்டங்கள் உள்ளன, எவை உறங்குகின்றன என்று தெரியும். உறங்குபவற்றை எழுப்ப ஊடகத்தை மாற்றுவது, தாய்ச்செடியின் சாற்றைச் சிறிதளவு சேர்ப்பது, வேறொரு நுண்ணுயிரோடு சேர்த்து வளர்ப்பது ஆகியவை கைகொடுக்கும்.

இந்த நிலையில் கையில் இருப்பது மருந்து அல்ல; சோதனைக் குழியில் ஒரு நொதியைத் தடுத்த பொருள், அவ்வளவே. பாக்டீரியச் சாற்றில் நச்சுப் பொருள்களும் இருக்கலாம் என்பதால் அதை யாரும் உண்டு பார்க்கக் கூடாது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அகார்போஸோ வோக்லிபோஸோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்சுலினோ வேறு மாத்திரையோ சேர்த்து எடுக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிட்டால், வீட்டுச் சர்க்கரை உடனே உதவாது. அதை உடைக்கும் நொதியும் தடைபட்டிருக்கிறது. நேரடியாகக் குளுக்கோஸ் பொடியைத்தான் கரைத்துக் குடிக்க வேண்டும்.

அதே உண்மையை வைத்துத்தான் விலங்குச் சோதனையும் அமைகிறது. செல்களில் நச்சுத்தன்மை பார்த்து, விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றபின், பட்டினி இருந்த எலிகளுக்குத் தூய்மைப்படுத்திய பொருளோடு உடல் எடையின் கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து கொடுத்து, 0, 30, 60, 90, 120ஆம் நிமிடங்களில் ரத்தச் சர்க்கரையை அளப்பார்கள். இன்னொரு குழுவுக்கு மாவுச்சத்துக்குப் பதில் குளுக்கோஸ். பொருள் செரிமான நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்றால், மாவுச்சத்துக் குழுவின் வரைகோடு தணியும். குளுக்கோஸ் குழுவின் வரைகோடு தணியாது. இரண்டும் தணிந்தால் அது வேறு வழியில் வேலை செய்கிறது என்று பொருள். குளுக்கோஸ் உறிஞ்சப்படும் இடத்திலா, இன்சுலின் சுரப்பிலா என்று அங்கிருந்து புதிதாகத் தேட வேண்டும்.